மாந்தோப்புப் பம்பும் அத்தானின் ஆள்காட்டி விரலும்

போன வருடம் சித்திரை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில்தான் இது ஆரம்பித்தது. முடிந்தது மதுரையில். நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீக்கடை வாசலில் நாங்கள் வண்டியை நிறுத்தாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைக்காத நாள் கிடையாது.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணன்கோவிலில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பழைய வண்டி என்றால் எனக்குப் பைத்தியம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுப் பின்கட்டில், அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த சின்னக் கார் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், காரை நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் காரில் ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தடித்த ரப்பர் குடுவை ஒன்று, அதற்குள் திரவம். இடது பக்கத்து முன் குடுவையையும் பின் குடுவையையும் ஒரு குழாய் இணைக்கும். வலது பக்கமும் அப்படியே. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் திரவம் பின்னால் ஓடிப் பின்பக்கத்தையும் தூக்கிவிடும். கார் தலையாட்டாமல், தண்ணீரில் போகிற மாதிரிப் போகும். முதல்முறை இதைப் படித்தபோது எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆனால் என் காரில் இடது பக்கத் திரவம் என்றைக்கோ கசிந்து காலியாகிவிட்டது. அந்தப் பக்கம் கார் தரையோடு படுத்திருந்தது.

அதைப் பார்த்ததும் அத்தான் சொன்னது எங்கள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

"ஏலே மாப்ள, ராஜபாளையத்துல நாய் வாங்குவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். நீ கம்பத்துல காலத் தூக்கிட்டு நிக்கிற நாய் மாதிரி ஒரு காரை வாங்கி வச்சிருக்கியேடா."

அத்தான் என் அக்காவின் கணவர். ராணுவத்தில் இருக்கிறார். கேலி பேசாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்போது விடுப்பில் வந்திருந்தார், இன்னும் பதினோரு நாள் பாக்கி. திரும்பிப் போனதும் துப்பாக்கி சுடும் போட்டி. அவருடைய பிரிவின் அணியில் அவரும் ஒருவர். இரண்டு வருடமாக அதற்குத்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கூட வலது கை ஆள்காட்டி விரலை மெதுவாக மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருப்பார். "நாங்க மூச்சை விட்டுக்கிட்டே இழுப்போம் மாப்ள. வெடிக்கிறது நமக்கே தெரியக் கூடாது" என்பார். அந்த விரலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடுவையில் திரவத்தை ஏற்ற வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு பம்பு வேண்டும். முதலில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும், பிறகு திரவத்தை அழுத்தி ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் கம்பெனி டீலர்களிடம் மட்டும் இருந்த இயந்திரம் அது. இப்போது வெளிநாட்டில் ஒன்றிரண்டு பேர் செய்து விற்கிறார்கள். மெயில் போட்டுக் கேட்டேன். கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்த்தால் காரை விடப் பம்பு விலை அதிகம். அதோடு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எனக்கு மூன்று நாள் காத்திருக்கவே பொறுமை கிடையாது. நாமே செய்துவிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

காற்றை உறிஞ்சப் பழைய பிரிட்ஜ் கம்ப்ரசர் ஒன்று கிடைத்தது. அழுத்தத்துக்கு என்ன செய்வது? யோசித்துக்கொண்டே ஒருநாள் கான்சாபுரத்தில் சித்தப்பாவின் மாந்தோப்புக்குப் போயிருந்தேன். மோட்டார் ரூமில் பழைய மருந்தடிக்கும் பம்பு ஒன்று கிடந்தது. உயரமான மாமரத்தின் உச்சிக் கொப்பு வரைக்கும் பூவுக்கு மருந்தைப் பீய்ச்சி அடிக்கிற பம்பு. உள்ளே மூன்று பிஸ்டன். கார் கேட்கிற அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு தரும். எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

"எடுத்துக்கோ. ஆனா நல்லா கழுவிக்கோலே, மருந்து கெடந்த சாமான்" என்றார் சித்தப்பா.

சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவினேன். சின்ன மோட்டார் ஒன்றைப் பூட்டினேன். அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ் வைத்தேன். பம்போடு வந்த மஞ்சள் ஹோஸ் குழாயையே இரண்டு மீட்டர் வெட்டி மாட்டினேன். குடுவைக்கான திரவம், தண்ணீரில் கலந்த, எஞ்சினைக் குளிர்விக்கிற பச்சை நிறக் கூலன்ட். வாளியில் பார்த்தால் சர்பத் கடையில் விற்கிற பச்சை சர்பத் மாதிரி இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. காரில் இணைப்பதற்கு முன்னால் பம்பைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று ஹோஸின் முனையை அடைத்துவிட்டு மோட்டாரைப் போட்டேன். இந்த மாதிரி பம்பில், அழுத்தம் மிஞ்சினால் திறந்து திரவத்தை வாளிக்கே திருப்பிவிடுகிற வால்வு ஒன்று இருக்கும். அது சீக்கிரமாகத் திறந்து திறந்து என் பொறுமையைச் சோதித்தது. அதன் திருகை முழுக்க இறுக்கிவிட்டேன். இதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். கேஜ் முள் சரசரவென்று ஏறியது. காருக்குத் தேவையான அளவைத் தாண்டியது, அதன் இரண்டு மடங்கையும் தாண்டியது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது எங்கேயோ 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் கேட்டது.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின்களுக்கெல்லாம் காற்றுக் குழாய் ஓடும். எங்கேயாவது காற்றுக் கசிந்தால் சத்தம் கேட்குமே தவிர, இடம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் உள்ளங்கையைக் குழாயோடு ஓட்டிக்கொண்டே போவோம். எங்கே சில்லென்று படுகிறதோ அதுதான் கசிவு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்கிற வித்தை இது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்வேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அது காற்று, அழுத்தமும் குறைவு. ஆனால் கைக்குப் பழகியது பழகியதுதானே.

என் கை மோட்டார் சுவிட்சில் இருந்தது. ஹோஸ் பக்கத்தில் அத்தான் குந்தியிருந்தார்.

"அத்தான், கசியுது. ஹோஸு மேல செத்த கைய ஓட்டிப் பாருங்க" என்றேன்.

அவர் ஓட்டினார். ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் பக்கத்தில் போனதும் "ச்சை" என்று கையை உதறினார். நான் மோட்டாரை நிறுத்தினேன்.

"என்ன அத்தான்?"

"ஒண்ணுமில்ல மாப்ள, எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு."

விரலைப் பார்த்தோம். ஆள்காட்டி விரலின் நுனிச்சதையில் ஒரு புள்ளி. பேனா முனையால் தொட்ட அளவு. ரத்தம் கூட வரவில்லை. அவர் துடைத்துவிட்டு, "இதுக்குப் போயி பேண்டேஜ் போட்டா என் பட்டாலியனே சிரிக்கும்" என்றார். நானும் சிரித்தேன். ஹோஸில் கிளாம்ப் ஓரத்தில் முடியளவு விரிசல் இருந்தது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் இறுக்கினேன். திருகைத் தளர்த்தி, காரில் மாட்டி, மோட்டாரைப் போட்டேன்.

கார் எழுந்தது. வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்த பக்கம், தூங்கி எழுந்த மாடு முன்னங்காலை ஊன்றுகிற மாதிரி, மெதுவாக எழுந்து நின்றது. நான் குதித்தேன். அத்தான் சல்யூட் அடித்தார்.

சத்தம் கேட்டு அக்கா வந்துவிட்டாள். அவள் கண்ணுக்கு மட்டும் முதலில் விரல்தான் தெரிந்தது.

"என்னது அது விரல்ல?"

நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "கம்பி குத்திருச்சுக்கா" என்றேன். பம்பால் அடிபட்டது என்று சொன்னால் பம்பு அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அத்தானும் எனக்காகத் தலையை ஆட்டினார். "துருப்பிடிச்ச கம்பியா? முதல்ல ஊசி போட்டுட்டு வாங்க" என்று விரட்டினாள். தெருமுனை கிளினிக்கிலும் அதே கம்பிக் கதையைச் சொன்னோம். கம்பி குத்தியதற்கு என்ன செய்வார்களோ அதை அவர்கள் சரியாகச் செய்தார்கள். ஒரு தடுப்பூசி, ஒரு சின்னக் கட்டு. அவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நாங்கள் சொன்ன காயத்துக்குத்தானே அவர்கள் வைத்தியம் செய்ய முடியும்?

கார் ஓடுகிறதே, வீட்டில் சும்மா இருக்க முடியுமா? அத்தானுக்கு அவருடைய கூட்டாளிகளுக்குப் பால்கோவா வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியலே இருந்தது. "எத்தனை நாள் தாங்கும்னு முன்கூட்டிக் கேட்டு வச்சிருவோம், போற அன்னிக்கு வாங்கிக்கலாம்" என்று ஒரு சாக்கு. கிளம்பிவிட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் அந்தக் கார் போன அழகை நான் எழுதப் போனால் இந்தப் பத்திரிகை தாங்காது. வேகத்தடையில் ஏறி இறங்கியதே தெரியவில்லை. வழியெல்லாம் நான்தான் பேசினேன். அத்தான் அவ்வளவாகப் பேசவில்லை. எப்போதும் கேலி செய்கிறவர் ஏன் சும்மா வருகிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் என் வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பால்கோவாக் கடைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. காரை நிறுத்தியதும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கோபுரம் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி என் காரைப் பார்த்தது. நான் பானட்டின் மூலையை அழுத்திக் காட்டி, "முன்னால அமுக்குனா பின்னால ஏறும் பாருங்க" என்று வித்தை காட்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒருவர் மட்டும் குனிந்து சக்கரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும், காக்கி பேண்ட், மண் ஒட்டிய செருப்பு. தெருக்கோடியில் வாய்க்கால் தோண்டிக்கொண்டிருந்த பொக்லைனின் ஆபரேட்டர்.

"உள்ள ஆயிலா தம்பி?"

"இல்லண்ணே. தண்ணியும் கூலன்ட்டும்."

"எம்புட்டு பிரஷர்?"

சொன்னேன். இப்படிக் கேள்வி கேட்கிற ஒரு மனிதரை நான் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். மாந்தோப்புப் பம்பு, பிரிட்ஜ் கம்ப்ரசர், வால்வை இறுக்கியது, முள் எங்கே போய் நின்றது என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். ஹோஸ் கசிந்ததையும் சொன்னேன்.

"கசியிறத எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கைய வச்சுத்தான்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "யாரு கைய வச்சது?"

நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இடது கையால். வலது கையை மடியில், உள்ளங்கை மேலே பார்க்கத் தனியாக வைத்திருந்தார், யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானை வைத்திருக்கிற மாதிரி. ராஜபாளையத்திலிருந்து அவர் அப்படித்தான் வந்திருக்கிறார். நான் பார்க்கவே இல்லை.

ஆபரேட்டர் போய் அவருக்கு முன்னால் குந்தினார். "அண்ணாச்சி, கட்டை அவுக்கட்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அவிழ்த்தார்.

விரல் வீங்கித் தோல் பளபளத்தது. நுனி வெளுத்துப் போயிருந்தது. அதன் நடுவில் அதே புள்ளி. அது மட்டும் பெரிதாகவே இல்லை.

"வலிக்குதா?"

"காலையில இல்ல. இப்பதான் ஒரு மணி நேரமா விண்ணு விண்ணுங்குது" என்றார் அத்தான்.

"எத்தனை மணிக்கு நடந்துச்சு?"

"ஒம்போது."

கடைக் கடிகாரத்தில் பன்னிரண்டேகால்.

"ஆஸ்பத்திரில என்னன்னு சொன்னீங்க?"

நான்தான், "கம்பி குத்துச்சுன்னு" என்றேன்.

"அடப் பாவிகளா" என்று எழுந்தார். அவர் குரலில் கோபத்தை விடப் பயம்தான் அதிகமாக இருந்தது. தன் இடது கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். கட்டைவிரல் இருந்தது. நடுவிரல் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு மேடு மட்டும் இருந்தது.

"எனக்கும் இப்படி ஒரு பொட்டுதான் தம்பி இருந்துச்சு. மண் அள்ளுற பக்கெட்டுக்குப் போற ஹோஸு கசிஞ்சுச்சு, கைய வச்சுப் பாத்தேன். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. சுண்ணாம்பு தடவிட்டு ரெண்டு நாள் வண்டி ஓட்டுனேன். இவருக்கு ஆனது குத்துன காயம் இல்ல. உள்ள ஊசி போட்ட மாதிரி அந்தத் தண்ணி அம்புட்டும் விரலுக்குள்ள போயிருக்கு. வெளிய பொட்டு, உள்ள கை பூராவும் ஓடிட்டு இருக்கும்."

நான் மெக்கானிக்கல் படித்தவன். அழுத்தம் என்றால் விசை வகுத்தல் பரப்பளவு என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். பரப்பளவு முடியளவுக்குச் சுருங்கினால் என்ன ஆகும் என்று என் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாமல் போய்விட்டது. அதுவும் என் கை இல்லை. நான் ஓட்டச் சொன்ன கை.

"மதுரைக்குப் போகணும். இப்பவே" என்றார் ஆபரேட்டர்.

நான் கார் சாவியை எடுத்தேன். அவர் என் கையைப் பார்த்தார். சாவியைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். "நீ ஓட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். காண்ட்ராக்டர் போலிருக்கிறது.

"அண்ணே, உங்க ஜீப்பை எடுத்துட்டு மதுரைக்குப் போறேன்… ஆமா, வேலை அப்படியே கெடக்கு… பொறவு வந்து திட்டுங்க, இப்ப வச்சிடுதேன்."

டீக்கடைக்காரரிடம், "இந்தக் காரைப் பாத்துக்கோங்க, யாரையும் அமுக்கிப் பாக்க விடாதீங்க" என்று சொன்னார். அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் ஓட்டுகிற ஜீப்பில் நாங்கள் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டிக்கொண்டிருந்தோம். நான் படித்த கல்லூரியின் வாசல் பக்கத்தில் கடந்து போனது. தலையைத் திருப்பிக்கொண்டேன்.

போகிற வழியிலேயே இன்னொரு எண்ணைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். கை அறுவை செய்கிற டாக்டர். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு எங்களிடம், "என் விரலை எடுத்தவரு இவருதான். தங்கமான மனுசன்" என்றார். இந்தச் சிபாரிசைக் கேட்டு அத்தான் சிரித்தே விட்டார். "மாப்ள, ஆளு பாத்து ஆளு புடிச்சிருக்கோம்டா" என்றார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. சிரிப்பு முடிந்ததும் அந்த விரலை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. இன்னொரு தடவை முயற்சி செய்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பார்த்தது அவருக்குத் தெரியும்.

மதுரையில் டாக்டர் தயாராக இருந்தார். முதல் கேள்வி, எத்தனை மணிக்கு. இரண்டாவது, என்ன திரவம். கூலன்ட் என்றேன்.

"பம்பு புதுசா?"

"இல்ல சார், பழசு."

"இதுக்கு முன்னால அதுல என்ன ஓடிச்சு?"

அந்தக் கேள்வியை நான் யோசித்தே பார்க்கவில்லை. மாம்பூவுக்கு அடித்த பூச்சி மருந்து. மூன்று முறை கழுவினேன், ஹோஸின் உள்சுவரைக் கழுவினேனா? "நல்லா கழுவிட்டேன் சார்" என்று மட்டும் சொன்னேன். ஆபரேட்டர்தான் என் தோளைத் தட்டி, "தம்பி, இங்க கம்பிக் கதை சொல்லாதே. உள்ளது எதுவோ அதைச் சொல்லு" என்றார். சொன்னேன். டாக்டர் மருந்தின் பெயர் கேட்டார். சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் தோப்புக்கு ஓடி, மோட்டார் ரூமில் கிடந்த காலி டப்பாவைப் படம் எடுத்து அனுப்பினார். டாக்டர் லேபிளைப் படித்துக்கொண்டே உள்ளே போனார்.

அதற்குப் பிறகுதான் அக்காவுக்குப் போன் செய்தேன். "கம்பி இல்லக்கா" என்று ஆரம்பித்தேன். முழுக்கச் சொல்லி முடித்தேன். அவள் சொன்னது "வாரேன்" என்று ஒரே வார்த்தை.

அறுவை முடிந்து டாக்டர் வெளியே வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. விரல் நுனியிலிருந்து உள்ளங்கை நடு வரைக்கும் பிளந்து கழுவியதாகச் சொன்னார். "பச்சையா இருந்துச்சு" என்றார். "நுனியில நுழைஞ்சது உள்ளங்கை வரைக்கும் போயிருந்துச்சு." நான் வாளியில் கலக்கிய அதே பச்சை. அத்தானின் கைக்குள் அந்த நிறம் ஓடியிருக்கிறது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. இன்றுவரை எனக்குப் பச்சை சர்பத் ஆகாது.

நல்லவேளை, பூச்சி மருந்தின் பாதிப்பு எதுவும் ரத்தத்தில் தெரியவில்லை. விரலையும் எடுக்க வேண்டி வரவில்லை. "நாளைக்குக் காலையில வந்திருந்தீங்கன்னா நான் வேற ஆபரேஷன் பண்ணியிருப்பேன்" என்றார் டாக்டர். அதைக் கேட்டுக்கொண்டே ஆபரேட்டர் தன் இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அக்கா வந்து சேரும்வரை இருந்தார். அவள் கும்பிட்டபோது, "எனக்கு எதுக்கும்மா கும்பிடு, உங்க தம்பி வாய் ஓயாமப் பேசுனதால தப்பிச்சீங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டீசலுக்காக நான் நீட்டிய ரூபாயை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அத்தான் அந்தப் போட்டிக்குப் போகவில்லை. விடுப்பு நீண்டது. தினமும் ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லியிருந்தார்கள். அமுக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார், சத்தம் மட்டும் வராது. என்னை ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அக்கா இருபது நாள் என்னோடு பேசவில்லை. பேசிய அன்றைக்குச் சொன்னது இதுதான்: "நீ பம்பு செஞ்சது தப்புன்னு நான் சொல்லவே இல்லலே. தெரியாமத்தான செஞ்ச. ஆனா கம்பின்னு சொன்ன பாரு, அது தெரிஞ்சுதான சொன்ன? அவிய விரலை விட உனக்கு அந்தப் பம்பு பெருசாப் போச்சா?"



கார் நான்கு நாள் டீக்கடை வாசலிலேயே நின்றது. எடுக்கப் போனபோது சாக்குப்பையால் மூடி, சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். அதைவிட அதிசயம், இடது பக்கம் இறங்கவே இல்லை. என் பம்பு வேலை செய்திருக்கிறது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்ததா, வெட்கம் வந்ததா என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆபரேட்டரைத் தேடிப் போனேன். வேறு தெருவில் தோண்டிக்கொண்டிருந்தார். நன்றி என்று ஆரம்பித்ததும் கையை ஆட்டி நிறுத்திவிட்டு, "பம்பு எங்க? நான் பாக்கணும்" என்றார். அடுத்த ஞாயிறு ராஜபாளையத்துக்கு வந்தார். பம்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நான் இறுக்கிய திருகைத் தொட்டு, "இதுக்கு ஒரு பூட்டுப் போடு. உன்னை நம்ப முடியாது" என்றார். ஹோஸைத் தூக்கிப் பார்த்து, "மருந்தடிக்கிற ஹோஸு மருந்தடிக்கத்தான்" என்று அப்படியே தூரப் போட்டார். பிறகு கொட்டகையில் கிடந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, உள்ளங்கையளவு துண்டு எடுத்து, ஓட்டை போட்டுக் கம்பியால் பம்பின் கைப்பிடியில் கட்டினார்.

"இனிமே தேடுறதா இருந்தா இதை வச்சுத் தேடு. அட்டை நனைஞ்சா கசிவு. அட்டை போனா இன்னொரு அட்டை."

புது ஹோஸ் மாட்டி அவர் முன்னாலேயே ஓட்டிக் காட்டினேன். ஒரு இணைப்பைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தேன். அட்டையை அதன் மேல் நகர்த்தினேன். நடுவில் பச்சையாக ஒரு பொட்டு விழுந்தது. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து, போன மாதம், அத்தானிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. விரலின் கடைசி மூட்டு இன்னும் பாதிதான் மடங்கும் என்று எனக்குத் தெரியும். பின்னணியில் காற்றுச் சத்தம். "மாப்ள, இன்னைக்குத்தான் திரும்ப சுடுற ரேஞ்சுக்குப் போனேன். பத்துல ஏழு. பழைய ஆளு இல்லதான், ஆனா ஏழு. அந்த பொக்லைன் அண்ணாச்சிகிட்ட சொல்லிரு." அன்றைக்குச் சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அவரிடம் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவையும் போடச் சொன்னார்.

மில்லில் இன்றைக்கும் எங்காவது 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டால், பழக்க தோஷத்தில் என் உள்ளங்கை தானாக நீளும். அப்போதெல்லாம் அந்த மனிதரின் கையில் இல்லாத விரல் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.